சிறிய காதுத் துளைக்கு வலிக்காத இன்-இயர் இயர்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேலூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். காலையில் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் வந்து, அங்கிருந்து நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குச் செல்வது என் அன்றாட வழக்கம். பேருந்திலும் நூலகத்திலும் பாடங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்பதால், ஒரு நாளில் சில மணி நேரமாவது இயர்போன் காதிலேயே இருக்கிறது.

இதுவரை பயன்படுத்திய எந்த இன்-இயரும் எனக்குப் பொருந்தவில்லை. பெட்டிக்குள் கொடுக்கும் மூன்று அளவு ரப்பர்களில் நடுத்தர அளவு காதுக்குள் நுழையவே மறுக்கிறது. சிறிய அளவு நுழைகிறது. ஆனால் அரை மணி நேரத்திற்குள் துளையின் உட்புறத்தில் வலி எடுக்கத் தொடங்கிவிடுகிறது. வலி பொறுக்காமல் சற்றே வெளியே இழுத்து வைத்தால், பாடம் நடத்துபவரின் குரல் கனம் இழந்து மெலிகிறது. பேருந்தின் இரைச்சலும் உள்ளே வந்துவிடுவதால் ஒலியளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. வலது காதில் இந்தத் தொல்லை அதிகம்.

என் காதுத் துளை சிறியது என்பதுதான் இதற்கு உண்மையான காரணமா என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். கடைகளில் காதில் மாட்டிப் பார்க்க அனுமதிப்பதில்லை. இணையத்தில் வாங்கினாலும், பெட்டியைத் திறந்த பிறகு பல விற்பனையாளர்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை. அப்படியிருக்க, வாங்குவதற்கு முன்பே எதைப் பார்த்து முடிவு செய்வது? காதை மூடாத வகைகளையும் யோசித்தேன். நூலகத்தில் பக்கத்தில் படிப்பவர்களுக்கு ஒலி கேட்டுவிடுமோ என்ற தயக்கத்தால் அதை விட்டுவிட்டேன். இரண்டாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். என் கைப்பேசியில் வட்ட வடிவ ஜாக் துளை இல்லை, டைப்-சி மட்டுமே உள்ளது. பொறுமையாக வழி சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

சிம்மக்கல் செவியியல் பணியாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சிம்மக்கல் பகுதியில் செவித்துணைக் கருவி பொருத்தும் நிலையம் ஒன்றில் பணிபுரிகிறேன். கருவிக்காகக் காது அச்சு எடுப்பது என் வேலை என்பதால், காதுத் துளைகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுபடும் என்பதை நாள்தோறும் நேரில் காண்கிறேன். உங்கள் காதில் ஏதோ குறை இருப்பதாக எண்ண வேண்டாம். வளர்ந்தவர்களின் செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமும் 7 மி.மீ. விட்டமும் கொண்டது என்று பாடநூல்கள் கூறும். அது சராசரி மட்டுமே. குழாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதும், நேராகச் செல்லாமல் இரண்டு இடங்களில் வளைவதும், ஒரே ஆளின் இரண்டு காதுகளும் வெவ்வேறாக இருப்பதும் இயல்பே. பெண்களின் குழாய் சராசரியாக ஆண்களுடையதைவிடச் சற்றுக் குறுகலானது. வேறு சிலருக்குக் குடத்தைப் போல வாய் விரிந்தும் கழுத்து குறுகியும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துளை பெரிதாகத் தெரிந்தாலும், முதல் வளைவைத் தாண்டியதும் இடம் சுருங்கிவிடும்.

உங்கள் வலிக்கான காரணத்தை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். செவிக்குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. அங்கே தோல் சற்றுத் தடித்தது, அழுத்தத்திற்கு ஓரளவு இடம் கொடுக்கும். உட்புற மூன்றில் இரண்டு பங்கு எலும்பால் ஆனது. அந்த எலும்பின் மேல் மிக மெல்லிய தோல் மட்டுமே இருப்பதால், அங்கே படும் சிறு அழுத்தமும் வலியாகவே உணரப்படும். ரப்பர் மிகச் சிறியதாக இருக்கும்போது அது துளையின் வாயில் பிடித்து நிற்காது. நின்றால்தான் ஒலி கனமாகக் கேட்கும் என்பதால், கை தானாகவே அதை மேலும் உள்ளே தள்ளும். இப்படி உள்ளே போகப் போக, முனை வளைவின் சுவரில் முட்டி, எலும்புப் பகுதியை நெருங்கிவிடுகிறது. எளிதாக நுழைகிறது என்பதால் மட்டும் ஒரு ரப்பர் பொருந்திவிட்டதாகக் கொள்ள முடியாது. துளையின் வாய்ப்பகுதியிலேயே, தள்ளாமல் நின்று, சுற்றிலும் மென்மையாக மூடிக்கொள்கிற ரப்பரே பொருந்திய ரப்பர்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் காதை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலது காதில் மட்டும் வலி அதிகம் என்கிறீர்கள். அங்கே குறும்பி அடைத்திருக்கலாம், அல்லது தோல் வீங்கியிருக்கலாம். இரண்டுமே குழாயைக் குறுகலாக்கும். அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, உங்களுக்கு அருகிலுள்ள நிபுணரிடமோ கருவி கொண்டு பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நீங்களாகக் கொண்டை ஊசியோ பஞ்சு சுற்றிய குச்சியோ விட வேண்டாம். குறும்பி குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே சுரந்து, தோலின் நகர்வாலும் தாடையின் அசைவாலும் தானாக வெளியே வரக்கூடியது. குச்சி அதைத் திரும்ப உள்ளே தள்ளும். மணிக்கணக்கில் காதில் இருக்கும் இயர்போனும் அது வெளியே வரும் வழியை மறிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் காதுக்குள் எண்ணெய் விடும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. எண்ணெயும் ஈரமும் உள்ள காதை ரப்பரால் அடைத்து வைத்தால் பூஞ்சைத் தொற்றுக்கு நல்ல இடம் அமைத்துக் கொடுத்ததாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருத்தும் முறையும் முக்கியம். வலது காதில் பொருத்தும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலது காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் மெல்ல இழுத்துப் பிடியுங்கள். வளைந்த குழாய் சற்று நேராகும். வாயை இலேசாகத் திறந்துகொண்டு, முனையை மூக்கின் திசையில் சாய்த்து வைத்து, மடலை விட்டுவிடுங்கள். சரியாக மூடியிருந்தால், நீங்கள் பேசும்போது உங்கள் குரலே தலைக்குள் முழங்குவதாகத் தோன்றும். அந்த முழக்கம் ஒரு காதில் தோன்றி மற்றொன்றில் தோன்றாவிட்டால், தோன்றாத பக்கத்திற்கு வேறு அளவு ரப்பர் தேவை என்று பொருள். இரண்டு காதுக்கும் ஒரே அளவை மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பொருத்தும்போது சிலருக்கு இருமல் வரும். செவிக்குழாயின் தோலுக்கு வேகஸ் நரம்பின் கிளை ஒன்று செல்வதால் ஏற்படுவது அது. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் அந்த இயர்போன் உங்களுக்கு ஆழமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கோ.புதூர் ஒலி ஆர்வலர் எழுதியது:

சிம்மக்கல் ஐயா காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் கருவியின் அளவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் சகோதரியின் கேள்விக்கான விடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இயர்போன் வாங்கும்போது எல்லோரும் ரப்பரின் அளவையே கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த ரப்பரை மாட்டுகிற குழலை. அதை நாசில் என்பார்கள். ரப்பர் அமுங்கும். உலோகத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆன நாசில் அமுங்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வயர் இன்-இயர்கள் பலவற்றில் நாசிலின் விட்டம் 5.5 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை இருக்கிறது. ரப்பர் நழுவாமல் இருப்பதற்காக அதன் முனையில் ஒரு விளிம்பும் உண்டு, அது இன்னும் சற்றுத் தடிமனானது. அதற்கு மேல் ரப்பரின் உள்தண்டு, இரு புறமும் சேர்த்து, ஒரு மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேலாகக் கூடும். ஆகவே, எஸ் அளவை மாட்டினாலும் எல் அளவை மாட்டினாலும், நடுவே ஏறத்தாழ 7 மி.மீ. தடிமனுள்ள அமுங்காத தண்டு ஒன்று நிற்கிறது. ஐயா குறிப்பிட்ட சராசரிக் குழாயின் விட்டமே 7 மி.மீ. தான். சராசரியைவிடக் குறுகிய காது உள்ளவர் எத்தனை வகை ரப்பர் வாங்கி மாற்றினாலும் அந்தத் தண்டின் தடிமன் குறையப்போவதில்லை. இந்தக் கணக்கை யாரும் சொல்லாததால்தான், பொருந்தாத இயர்போனுக்குப் புதிது புதிதாக ரப்பர் வாங்கிப் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஷ்யூர், வெஸ்டோன், எட்டிமோடிக் ஆகிய நிறுவனங்களின் பல இன்-இயர்களில் நாசில் ஏறத்தாழ 3 மி.மீ. அளவே இருக்கும். மெல்லிய தண்டு என்பதால் ரப்பரும், அதற்குப் பதிலாக மாட்டும் நுரை முனையும் சுற்றிலும் அமுங்குவதற்கு இடம் கிடைக்கிறது. இருந்தாலும், நாசில் மெலிந்தது என்ற ஒரே காரணத்திற்காக எட்டிமோடிக்கை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 1991-இல் வந்த ஈஆர்-4 தொடங்கி அந்த நிறுவனத்தின் வழி, மூன்று அடுக்கு ரப்பரைக் காதுக்குள் ஆழமாகச் செலுத்துவது. ஒலி மிகத் துல்லியமாக இருக்கும், ஆனால் உள்ளே வலிக்கிறது என்று சொல்பவருக்கு அது ஏற்றதன்று. உங்களுக்கு வேண்டியது மெல்லிய நாசில், ஆழம் குறைந்த பொருத்தம் என்ற இரண்டும் சேர்ந்தது.

உடலின் அளவையும் பாருங்கள். முழு வயர்லெஸ் வகையில் மின்கலம், ஆன்டெனா, மைக் எல்லாம் காதுக்குள்ளேயே இருக்க வேண்டியிருப்பதால் உடல் பருமனாகிவிடுகிறது. காது சிறியதாக இருந்தால் துளையில் மட்டுமல்லாமல், துளைக்கு வெளியே உள்ள குழியிலும், முன்னால் இருக்கும் சிறு மேட்டின் உட்புறத்திலும் அந்த உடல் அழுத்தும். அரை மணி நேரத்தில் தொடங்கும் வலி பல நேரம் அங்கிருந்தே வருகிறது. இயர்போனைக் கழற்றியவுடன் கண்ணாடியில் பாருங்கள்: அந்த மேட்டின் ஓரத்தில் சிவந்த கோடு தெரிந்தால் உடல் பெரிது; வெளியே எந்தத் தடமும் இல்லாமல் உள்ளே மட்டும் வலித்தால் நாசிலும் ஆழமும் காரணம். வயர் வகையில் உடல் மிகச் சிறியதாக இருக்க முடியும். எடுத்துக்காட்டாக, ஜப்பானின் ஃபைனல் நிறுவனம் தயாரிக்கும் இ2000, இ3000 ஆகியவற்றில் ஒலிக்கும் பகுதியின் விட்டம் 6.4 மி.மீ. மட்டுமே. உருளை வடிவமாதலால் காதின் கோணத்திற்கு ஏற்ப எந்தப் பக்கமும் திருப்பி வைக்கலாம். வயரைக் காதுக்கு மேலே சுற்றியும் அணியலாம். அப்படிச் சுற்றினால் வயரின் எடை துளையை இழுக்காது, வயர் ஆடையில் உரசும் ஒலியும் குறையும்.

ரப்பரின் அளவு என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். எஸ், எம் என்பவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் எஸ் மற்றொன்றின் எம் அளவுக்கு இருக்கும். எஸ்எஸ் அல்லது எக்ஸ்எஸ் என்ற அளவும் பெட்டிக்குள் உண்டா என்று கேளுங்கள். சிறிய காதுகளின் தேவையைப் பெரிய நிறுவனங்களே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தன. 2019-இல் ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோவை வெளியிட்டபோது மூன்று அளவுகளே இருந்தன. 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எக்ஸ்எஸ் சேர்ந்தது, 2025-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் எக்ஸ்எக்ஸ்எஸ் சேர்ந்தது. சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5 என்ற 2023-ஆம் ஆண்டு வகையிலும் எஸ்எஸ் உட்பட நான்கு அளவுகள் உள்ளன. இவை உங்கள் விலை வரம்பைத் தாண்டியவை. எந்த அளவு வரை கேட்கலாம் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

கடையில் காதில் மாட்ட விடாவிட்டாலும், கையில் வாங்கிப் பார்க்க விடுவார்கள். டவுன் ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போகும்போது பையில் ஒரு பென்சிலும், பால்பாயிண்ட் பேனாவின் மெல்லிய ரீஃபிலும் எடுத்துச் செல்லுங்கள். சாதாரணப் பென்சில் ஏறத்தாழ 7 மி.மீ., மெல்லிய ரீஃபில் ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் கொண்டவை. ரப்பரைக் கழற்றச் சொல்லி, நாசிலை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது ரீஃபிலை ஒட்டிய தடிமனில் இருந்தால் உங்களுக்கு நம்பிக்கை உண்டு. பென்சிலை நெருங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அளவு பார்ப்பதற்காக இவற்றில் எதையும் காதுக்குள் விடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திருப்பரங்குன்றம் ஆசிரியை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். மேலே எழுதிய இருவரும் இன்-இயருக்குள்ளேயே வழி தேடுகிறார்கள். துளைக்குள் எதுவும் செல்லாத வகைகளை இவ்வளவு விரைவில் ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் எண்ணம். இணையவழி வகுப்பு எடுப்பதற்கு நான் பழைய வகைத் தட்டை இயர்போனையே பயன்படுத்துகிறேன். காதின் குழியில் தங்கும், துளையை அடைக்காது. பேச்சுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. நூலகத்தைப் போன்ற அமைதியான இடத்தில் ஒலியைக் குறைத்து வைத்தால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்பதில்லை. அதன் தட்டும் சிலருக்குப் பெரிதாக இருக்கும் என்பதால், அதிலும் சிறிய வட்டம் உள்ளதைத் தேட வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். வயரைக் காதுக்கு மேலே சுற்றச் சொல்கிறார் புதூர்த் தம்பி. மாட்டல் அணியும் நாளில் அது நடக்காது. மாட்டலின் சங்கிலியும் வயரும் ஒரே பாதையில் போவதால் இரண்டும் சிக்கிக்கொண்டு, கழற்றும்போது காதைப் பிடித்து இழுக்கும். காது மடலின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் புதிய கிளிப் வகை, வெறும் தோடு அணிபவர்களுக்குத் தொல்லை தராது. மேல்காதில் குத்தியிருப்பவர்கள் மட்டும் இடம் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஷாக்ஸ் போன்ற எலும்புவழி ஒலிக்கருவிகள் கன்ன எலும்பில் அதிர்வைச் செலுத்தி உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. காதுக்கு அதைவிடச் சுகமானது இல்லை, ஆனால் அதன் பட்டை தலைக்குப் பின்னால் சுற்றி வரும். கொண்டையோ, பூச்சரமோ உள்ள தலையில் அது நிலையாக நிற்பதில்லை, தலையைச் சாய்த்தால் நகர்ந்துவிடும். விலையும் நீங்கள் சொன்ன வரம்புக்கு மேல்.

மேலூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி மருத்துவரிடம் காட்டினேன். வலது காதில் குறும்பி இறுகியிருந்தது, அதை எடுத்துவிட்டார். வீக்கமோ தொற்றோ இல்லை என்றும், இரண்டு குழாய்களுமே குறுகலானவை, வலது பக்கத்தில் முதல் வளைவு சற்றுக் கூர்மையானது என்றும் சொன்னார். சில நாள்கள் எதையும் காதில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அப்படியே செய்கிறேன்.

என் பழைய இயர்போனின் நாசிலை, தெரிந்தவரின் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். முனை விளிம்பில் 6.2 மி.மீ. காட்டியது. புதூர் அண்ணன் போட்ட கணக்கு அதன் பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. கண்ணாடியில் பார்த்ததில் வெளியே சிவந்த கோடு எதுவும் இல்லை, வலி உள்ளேதான்.

அக்கா சொன்ன தட்டை வகையை நூலகத்திற்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் பழைய கைப்பேசியோடு வந்த ஒன்று இருக்கிறது. பேருந்தில் மட்டும் அது உதவவில்லை. பின்னிருக்கையில் அமர்ந்தால் இன்ஜின் இரைச்சலும், ஓட்டுநர் போடும் பாட்டும் சேர்ந்து பாடத்தை மூழ்கடித்துவிடுகின்றன. எனவே பேருந்துக்காக இன்-இயர் ஒன்று எனக்குத் தேவை. நுரை டிப் மிகவும் மென்மையானது என்று பலரும் சொல்கிறார்கள். குறுகிய துளைக்கு வழக்கமான சிலிக்கோன் ரப்பரைவிட நுரை நல்லதா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

கோ.புதூர் ஒலி ஆர்வலர் எழுதியது:

அளந்து பார்த்தது மிகவும் நல்லது, சகோதரி. 6.2 மி.மீ. நாசிலோடு நீங்கள் இத்தனை நாள் படித்ததே பெரிய பொறுமை.

நுரையைப் பற்றிக் கேட்டீர்கள். விரலால் உருட்டிச் சுருக்கி, காதில் வைத்து, அது விரிந்து நிரம்பும் வரை சுமார் அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விரியும்போது அது குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால், அழுத்தம் ஓர் இடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவும். வெளி இரைச்சலையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் இந்த நன்மை எல்லாம் மெல்லிய நாசிலில் மட்டுமே கிடைக்கும். தடித்த நாசிலின் மேல் உள்ள நுரைக்குச் சுருங்க இடமே இல்லை; நுரை விரிந்துகொண்டே இருக்க முயல்வதால், மிகக் குறுகிய குழாயில் அது சிலிக்கோனைவிடவும் கூடுதலாக அழுத்தும். இரண்டாவது, நம் ஊரின் வெப்பம். சித்திரை, வைகாசி மாதங்களில் வியர்வை ஊறி நுரை கடினமாகிவிடுகிறது. கழுவிக் காயவைத்தாலும் பழைய மென்மை முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகையால் அதை அவ்வப்போது மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அன்றாடம் வியர்வையோடு பேருந்தில் செல்பவருக்கு மெல்லிய சுவருள்ள சிலிக்கோனே ஏற்றது என்பேன். அதிலும் முனை குறுகி அடி விரியும் கூம்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அரைக்கோள வடிவம் நுழையும் இடத்திலேயே தடுக்கும். கூம்பு வடிவத்தின் குறுகிய முனை வளைவுக்கு வழி விட்டு, விரிந்த அடிப்பகுதி வாயில் நின்று மூடும். வலது பக்கத்தில் வளைவு கூர்மையானது என்று மருத்துவர் சொன்னதால், முனை தனியே திரும்பும்படி கழுத்துப் பகுதி நெகிழ்வாக அமைந்த ரப்பர்களும் உங்களுக்கு உதவும். ஸ்பின்ஃபிட் நிறுவனம் இத்தகையவற்றைத் தயாரிக்கிறது. எந்த ரப்பரானாலும் அதன் துளை உங்கள் நாசிலின் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். 3 மி.மீ. நாசிலுக்கு உரிய ரப்பரும் 6 மி.மீ. நாசிலுக்கு உரிய ரப்பரும் ஒன்றுக்கொன்று மாறாதவை. தளர்வான ரப்பர் காதுக்குள்ளேயே கழன்று தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. கழற்றிய ஒவ்வொரு முறையும் இரண்டு ரப்பரும் கையில் வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கேட்பது பாடம்; பாட்டு இல்லை. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தின, அதிலேயே நாம் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொண்டோம். ஆகவே அதிரும் பேஸ், பல டிரைவர்கள் (உள்ளே ஒலி எழுப்பும் பகுதிகள்) என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டிரைவர்களின் எண்ணிக்கை கூடக் கூட உடலும் பெருக்கும். டைப்-சி முனையோடே வரும் சிறிய வயர் இன்-இயரைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் 3.5 மி.மீ. ஜாக்கை டைப்-சிக்கு மாற்றும் சிறு இணைப்பான் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். மலிவான இணைப்பான்கள் சில குறிப்பிட்ட கைப்பேசிகளில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் கைப்பேசியைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சோதித்துவிட வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர் எழுதியது:

எனக்கும் இதே தொல்லை உண்டு. இரவில் படுத்துக்கொண்டு கேட்கும்போது தலையணையில் காது அழுந்தி வலிக்கிறது. அதோடு, காதுக்கு அளவெடுத்தே இயர்போன் செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். அது மதுரையில் நடக்கக்கூடிய காரியமா?

சிம்மக்கல் செவியியல் பணியாளர் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நடக்கக்கூடியதே. செவித்துணைக் கருவி நிலையங்களில் காது அச்சு எடுப்பதற்கான வசதி உண்டு. முதலில் கருவி கொண்டு காதின் உட்புறத்தைப் பார்த்து, குழாயின் வளைவைத் தாண்டி நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பு ஒன்றை வைப்போம். செவிப்பறையை அச்சுக்கலவை தொடாமல் காப்பது அந்தத் தடுப்பே. அதன்பின் மென்மையான சிலிக்கோன் கலவையை நிரப்பினால் சில நிமிடங்களில் இறுகி, காதின் உருவத்தோடு வெளியே வரும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து மூடச் சொல்வோம். தாடை மூட்டு செவிக்குழாய்க்கு நேர் முன்னால் இருப்பதால், மெல்லும்போதும் பேசும்போதும் குழாயின் வடிவமே சற்று மாறுகிறது. முறுக்கு மெல்லும்போது இயர்போன் கழன்று வருவதற்கும் காரணம் அதுதான். அச்சைக் கொண்டு உங்களிடம் உள்ள இயர்போனுக்கே உறை செய்துகொள்ள முடியும், ஆனால் நாசில் மெல்லியதாக இருந்தால்தான் குறுகிய காதுக்கு அது பயன்படும். எல்லா நிலையங்களும் இயர்போனுக்குச் செய்து தருவதில்லை என்பதால், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பரோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு. மற்ற வழிகள் எல்லாம் பயனளிக்காதபோது இதை நாடலாம். வீட்டில் தாமாக அச்சுக்கலவை வாங்கிக் காதில் ஊற்றிக்கொள்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். செவிப்பறை வரை போய் ஒட்டிக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான் வழி. படுத்துக்கொண்டு கேட்பதற்கு எந்த இன்-இயரும் ஏற்றதன்று, தலையணை அதை ஆழமாகத் தள்ளும். தனி அறையானால் சிறிய ஒலிபெருக்கியைத் தாழ்ந்த ஒலியில் வைத்துக் கேளுங்கள்.

மேலூர் சகோதரிக்கு ஒலியளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும்: 83 டெசிபலுக்கு 20 மணி, 86 டெசிபலுக்கு 10 மணி. நாள்தோறும் சில மணி நேரம் கேட்கும் உங்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். காதை நன்றாக மூடும் இயர்போனில் பேருந்து இரைச்சல் தணிந்துவிடுவதால், ஒலியைக் கூட்டாமலே பாடம் கேட்கும். நீங்கள் இப்போது செய்வதுபோல் பாதி வெளியே இழுத்து வைத்துக் கூட்டுவதுதான் செவிக்குக் கேடு. பேருந்தை விட்டு இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், காது மடலைச் சற்றுத் தூக்கி, காற்று உள்ளே போகும்படி மெல்லத் திருகி எடுத்தால் செவிப்பறையில் இழுப்பு ஏற்படாது.

ரப்பரை வாரம் ஒருமுறையாவது கழற்றி, மிதமான சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பின் மாட்டுங்கள். நாசிலின் வலை மீது நீர் படக் கூடாது. உலர்ந்த மென்மையான பிரஷ் கொண்டு, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடையுங்கள், அப்போதுதான் துகள்கள் உள்ளே விழாது. குளித்த உடனே, காது ஈரமாக இருக்கும்போது மாட்ட வேண்டாம். புதிய இயர்போன் வந்தவுடன் முதல் நாளே பேருந்துப் பயணம் முழுவதும் அணியாமல், வீட்டில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். வலியில்லை என்றால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். வலது காதுக்கு எஸ்எஸ், இடது காதுக்கு எஸ் என்று அமைந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.